மவுஸ் தத்தினால் டாங்கிளைப் பாருங்கள்

கம்பியில்லா மவுஸ் திரையில் தத்தித் தத்தி நகர்ந்தாலோ, கீபோர்டில் தட்டிய எழுத்து விழாமல் போனாலோ நாம் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்ப்போம். அது சரிதான். புது பேட்டரிக்கும் தொல்லை தீரவில்லையென்றால், மவுஸைக் குறைசொல்வதற்கு முன் சிபியுவின் பின்புறம் செருகியிருக்கும் சின்ன டாங்கிளைக் கவனியுங்கள்.

டாங்கிள் ஒரு குட்டி ரேடியோ. பெரும்பாலான கம்பியில்லா மவுஸும் கீபோர்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் அதனுடன் பேசுகின்றன. உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்பதால் வைஃபை, புளூடூத் எல்லாமே அங்கே கூடியிருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான் விழுகிறது. இந்த நெரிசலைச் சமாளிக்கும் வழி அழகானது. புளூடூத் அந்த அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை தடம் மாறும். ஒரு தடத்தில் இடையூறு என்றால் அடுத்ததில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால் யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் வேறு வகை. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது, இணைப்பு முனையிலிருந்தும் கேபிளிலிருந்தும் கசியும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பரப்பு முழுவதையும் மூடிவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஓரமாக ஒதுங்கிப் பேசலாம். தெரு முழுக்க ஒலிபெருக்கி அலறினால் எங்கே ஒதுங்குவது? இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் இதை அளந்து காட்டியது.

கண்டுபிடிப்பது எளிது. யூஎஸ்பி 3.0 வெளி ஹார்ட் டிஸ்கில் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுங்கள். அந்த நேரத்தில் மட்டும் மவுஸ் தடுமாறினால் காரணம் இதுதான். டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, தள்ளியிருக்கும் கறுப்புத் துளையில் செருகுங்கள். அதைவிட நல்லது, ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்கி டாங்கிளை மேசைமேல் கொண்டுவருவது. சிபியுவின் இரும்புப் பெட்டியும் அலையை மறைக்கும் என்பதால் இதில் இரட்டை லாபம். புது மவுஸ் வாங்குமுன் இதைச் செய்து பார்த்துவிடுங்கள் என்பேன்.

ஒரே டாங்கிளில் கீபோர்டு ஒழுங்காக இயங்க, மவுஸ் மட்டும் துள்ளுகிறதா? அது அலைச் சிக்கலாக இருக்காது. கண்ணாடி மேசையில் ஒளி உணரி தடுமாறும். அடியில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள்.

இரண்டுமே இயங்கவில்லையென்றால் டாங்கிள் மாறிப்போயிருக்கலாம். ஒவ்வொரு டாங்கிளும் தன்னோடு இணைத்த சாதனத்தை மட்டுமே அறியும். ஒரே நிறுவனத்தின் இன்னொரு டாங்கிள் அப்படியே உதவாது. லாஜிடெக்கின் யூனிஃபையிங் வகை என்றால், அதற்கேற்ற ஆறு சாதனங்கள் வரை மென்பொருள்மூலம் சேர்த்துக்கொள்ளலாம்.

புளூடூத் கீபோர்டு வைத்திருப்பவர்கள் ஒரு கம்பி கீபோர்டையும் வீட்டில் வைத்திருங்கள். விண்டோஸ் எழுந்த பிறகே புளூடூத் இயங்கும் கணினிகள் நிறைய உண்டு. விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்பை மாற்ற வேண்டிய நாளில் அந்தக் கம்பிதான் கைகொடுக்கும்.