அழிப்பதற்கு முன் முறையிடுங்கள்

சிட்னியில் லிட்கம், ஹோம்புஷ், வென்ட்வேர்த்வில் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. கரண்ட் பில் ஏறுகிறது. யாரும் விளையாடாத நேரத்திலும் பிள்ளையின் கேம் கணினியில் விசிறி இரைகிறது. பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது, கணினி கடைக்குப் போகிறது, கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறார். அத்தோடு தடயமும் போயிற்று.

விளையாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த கிரிப்டோ மைனர் இதற்குக் காரணமாக இருக்கலாம். அதாவது, உங்கள் மின்சாரத்தில் வேறொருவர் கிரிப்டோ நாணயம் எடுக்கிறார். 300 வோட் இழுக்கும் கணினி இரவுக்குப் பத்து மணிநேரம் ஓடினால், யூனிட் 30 சென்ட் கணக்கில் மூன்று மாதத்துக்கு 80 டொலருக்கு மேல் ஏறும்.

2013இல் அமெரிக்காவின் ஈ.எஸ்.இ.ஏ. என்ற கணினி விளையாட்டுப் போட்டி நிறுவனத்தின் மென்பொருளுக்குள்ளேயே பிட்கொயின் மைனர் இருந்தது. சுமார் 14,000 கணினிகள் சிக்கின. இப்போது அதிகம் பரவுவது திருட்டுப் பிரதிகள் வழியாகத்தான். 'க்ராக்' செய்த ஜி.டி.ஏ. 5, சிம்ஸ் 4 போன்றவற்றோடு வந்த க்ராக்கொனோஷ் என்ற மைனர் 2,22,000 கணினிகளில் புகுந்ததாக 2021இல் அவாஸ்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. 2024 டிசம்பர் 31 அன்று பரவத் தொடங்கிய ஸ்டாரிடொப்ரி என்ற மைனர், டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் மைனிங்கை நிறுத்திக்கொள்ளும். ஆகவே "திறந்து பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். எதையும் அழிக்காதீர்கள். விளையாட்டின் பெயர், இறக்கிய தளம், திகதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். விண்டோஸ் டிஃபெண்டரின் ஓஃப்லைன் ஸ்கேனை ஓடவிட்டு, அது காட்டும் எச்சரிக்கையைக் கைபேசியில் படம் எடுங்கள். பழைய பில்லையும் புதிய பில்லையும் சேர்த்து வையுங்கள். பிறகு வேறொரு கருவியிலிருந்து வங்கி, அரசின் மைகவ் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மைனரோடு கடவுச்சொல் திருடும் நிரலும் சேர்ந்து வந்திருக்கலாம்.

முறையிடும் இடம், இணையக் குற்றங்களைப் பதியும் அரசுச் சேவையான ரிப்போர்ட்சைபர். சைபர் டொட் கவ் டொட் ஏயூ தளத்தில் அதன் படிவம் இருக்கிறது. நிரப்பி அனுப்பியதும் வரும் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். 1300 292 371 இல் 24 மணிநேரமும் உதவி கேட்கலாம். ஆங்கிலம் சிரமமென்றால் 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பொலிஸ் நிலையத்தில் "இணையத்தில் பதியுங்கள்" என்று திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் கணினியில் அனுமதியின்றி மைனரைப் புகுத்துவது கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் 477.2 பிரிவின் கீழ் பத்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகலாம். அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் கணினிகளில் இரகசியமாக மைனிங் செய்த சிட்னிக்காரருக்கு 2020இல் தண்டனை கிடைத்திருக்கிறது.

காசு கொடுத்து வாங்கிய விளையாட்டில் மைனர் வந்திருந்தால் முதலில் விற்றவரிடம் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நியூ சவுத் வேல்ஸ் ஃபெயார் ட்ரேடிங், 13 32 20; மெல்பேர்னில் இருப்போர் கன்ஸ்யூமர் அஃபெயர்ஸ் விக்டோரியாவிடம் போகவேண்டும். மின் நிறுவனம் பில்லைக் குறைக்குமென்று எதிர்பார்க்காதீர்கள், மீட்டர் ஓடியது உண்மைதானே. தவணையில் கட்டக் கேட்கலாம். அதற்கும் மறுத்தால் நியூ சவுத் வேல்ஸின் மின்சார, நீர் குறைகேள் அமைப்பான எவோன், 1800 246 545.

திருட்டுப் பிரதியை இறக்கிய வெட்கத்தில் வாய்மூடி இருப்பவர்கள்தான் அதிகம். அந்த மௌனம் திருடனுக்கு மட்டுமே உதவுகிறது. குறிப்பு எண் கைக்கு வந்த பிறகே கணினியைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.