பழைய கடைசல் எந்திரத்திற்கு ஒரு விரைவுப் பிடி

படம் வரைவோர் பயன்படுத்தும் அழுத்துப் பென்சிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேல் முனையை அழுத்தினால் நுனியில் உள்ள மூன்று சிறு தாடைகள் விரிந்து கரிக்குச்சியை விடுகின்றன. விரலை எடுத்தால் தாடைகள் உள்ளே இழுக்கப்பட்டு, ஒரு வளையத்தால் நெருக்கப்பட்டுக் குச்சியைக் கவ்விக்கொள்கின்றன. இதே தத்துவத்தில் இரும்புக் கம்பியைப் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. பட்டறைகளில் அதனைக் ‘காலட்’ என்பர்; தமிழில் பிடிகுழல் எனலாம். பழைய லேத் ஒன்றில் இந்தக் காலட்டை ஒரு நெம்புகோலின் அசைவில் மூடவும் திறக்கவும் எவ்வாறு ஏற்பாடு செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சக் இருக்கக் காலட் எதற்கு?

லேத்தில் பொருளைப் பிடிக்கப் பொதுவாக மூன்று தாடைச் சக் பயன்படுகிறது. பல அளவுகளைப் பிடிக்கவல்லது என்பது அதன் சிறப்பு. ஆனால் மூன்று இடங்களில் மட்டுமே அது பொருளைத் தொடுகிறது. மெருகேறிய பரப்பில் தழும்பு விழும். தேய்ந்த சக்கில் பொருள் மையம் விலகியும் சுழலும். காலட் அப்படியன்று. எஃகுக் குழல் ஒன்றை நீளவாட்டில் மூன்று இடங்களில் பிளந்து, அதன் தலையைக் கூம்பு வடிவில் கடைந்திருப்பார்கள். அது கம்பியை ஏறத்தாழ முழுச் சுற்றிலும் அணைத்துப் பிடிக்கிறது. ஒரே அளவுள்ள கம்பியிலிருந்து நூற்றுக்கணக்கான திருகுகளோ புஷ்களோ செய்ய வேண்டுமானால் காலட்டே ஏற்றது.

உலகெங்கும் மிகுதியாக வழங்கும் காலட் வகை ‘5சி’ எனப்படுவது. அதன் உடலின் விட்டம் 1.250 அங்குலம், அதாவது 31.75 மி.மீ. தலையின் கூம்புப் பரப்பு அச்சுடன் 10 பாகை சாய்ந்திருக்கிறது. பின்முனையின் வெளிப்புறத்தில் 1.238 அங்குல விட்டத்தில், அங்குலத்திற்கு 20 புரிகள் கொண்ட மரை வெட்டப்பட்டிருக்கிறது. இந்த எண்களை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

கைச்சக்கரமும் நெம்புகோலும்

லேத்தின் சுழல்தண்டு, அதாவது ஸ்பிண்டில், உள்ளே துளையுள்ளது. அந்தத் துளை வழியே இடப்புறத்திலிருந்து ஒரு நீண்ட குழல் செல்கிறது. அதன் முன்முனை காலட்டின் மரையில் பொருந்துகிறது. இதனை இழுகுழல் எனலாம். அதன் பின்முனையில் உள்ள கைச்சக்கரத்தைத் திருகினால் காலட் பின்னோக்கி இழுக்கப்படும்; அதன் கூம்புத்தலை சுழல்தண்டின் மூக்கில் உள்ள கூம்புக் குழியில் சிக்கிச் சுருங்கும்; கம்பி பிடிபடும்.

எளிய ஏற்பாடுதான். ஆயினும் ஒவ்வொரு முறையும் எந்திரத்தை நிறுத்தித் திருக வேண்டும். ஒரு துண்டுக்கு 20 விநாடி இதில் போவதாகவும், நெம்புகோல் இருந்தால் 3 விநாடி போதும் என்றும் கொள்வோம். 200 துண்டுகளில் மிச்சம் 3,400 விநாடி. ஏறக்குறைய ஒரு மணி நேரம்!

நெம்புகோல் அமைப்பில் சுழல்தண்டின் பின்முனையில் ஓர் உடல் பொருத்தப்படுகிறது. அது சுழல்தண்டோடு சேர்ந்து சுழலும். அதனுள் சிறு விரல்கள் கீல்களில் அமைந்துள்ளன. விரல்களின் நீண்ட வால்களுக்கு அடியில் ஒரு கூம்பு வளையம் சறுக்கி நுழைகிறது. வால்கள் விரிகின்றன, விரல்களின் குட்டை மூக்குகள் இழுகுழலின் கழுத்துப்பட்டையைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. காலட் மூடிக்கொள்கிறது.

வளையம் சுழல்கிறது, உங்கள் கையோ சுழல்வதில்லை. ஆகவே இரண்டுக்கும் இடையில் ஒரு பேரிங் வைத்து, அதன் வெளி வளையத்தை நெம்புகோலுடன் இணைத்திருப்பார்கள். நெம்புகோலின் ஆதாரப்புள்ளி லேத்தின் உடலில் பூட்டிய ஒரு தாங்கியில் இருக்கும். இதனால் எந்திரம் ஓடும்போதே கம்பியை விடவும் பிடிக்கவும் இயலுகிறது.

விசை எவ்வாறு பெருகுகிறது?

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் நெம்புகோலை 10 கிலோ எடை அளவு விசையுடன் இழுக்கிறீர்கள். நெம்புகோல் அதனை 5 மடங்காக்கினால் 50 கிலோ. கூம்பு வளையமும் விரல்களும் சேர்ந்து 10 மடங்காக்கினால் 500 கிலோ. உராய்வு அதில் பாதியைத் தின்றாலும் 250 கிலோ விசை இழுகுழலை வந்தடைகிறது. காலட்டின் 10 பாகைக் கூம்பு ஓர் ஆப்பு அன்றோ? உராய்வைக் கழித்தபின்னும் அது ஏறத்தாழ மூன்றரை மடங்கு பெருக்கும். ஆகக் கம்பியின் மீது விழும் பிடி 800 கிலோவுக்கு மேல்!

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசையில் பெற்றதைத் தூரத்தில் இழக்கிறோம். கைப்பிடி 10 செ.மீ. நகர்ந்தால் வளையம் 2 செ.மீ. நகரும், இழுகுழலோ 2 மி.மீ. மட்டுமே நகரும். இழுகுழல் 1 மி.மீ. நகர்ந்தால் காலட்டின் விட்டம் 0.35 மி.மீ. குறையும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. கைச்சக்கரத்தை இறுகும் வரை திருகலாம். நெம்புகோல் அமைப்போ ஒவ்வொரு முறையும் ஒரே தூரம்தான் இழுக்கும். கம்பி ஓரிடத்தில் 0.05 மி.மீ. மெலிந்திருந்தால், அதை ஈடுகட்ட இழுகுழல் இன்னும் 0.14 மி.மீ. நகர வேண்டும், அதற்கு வழியில்லை. நெம்புகோல் வழக்கம்போல் முழுத் தூரமும் செல்லும். ஆனால் பிடி தளர்ந்திருக்கும். வெட்டுளி பட்டவுடன் கம்பி வழுக்கும். ஆகவே அளவு சீரான, குளிர்நிலையில் இழுத்த பளபளப்புக் கம்பியையே இதில் பயன்படுத்த வேண்டும். கருந்தோலுள்ள, சூட்டில் உருட்டிய கம்பி இதற்கு ஆகாது.

உங்கள் லேத்துக்குப் பொருந்துமா?

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1906-இல் தொடங்கப்பட்ட சவுத் பெண்ட் நிறுவனத்தின் பழைய லேத்துகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் 9 அங்குல வகையில் சுழல்தண்டின் துளை முக்கால் அங்குலமே. 5சி காலட்டின் உடல் அதில் நுழையவே முடியாது. ஆகவே அதற்கு ‘3சி’ எனும் சிறிய காலட். அது பிடிக்கும் பெரிய கம்பி அரை அங்குலம். கனமான 10 அங்குல வகையில் துளை 1 3/8 அங்குலம், அதாவது 34.9 மி.மீ. காலட்டின் மரை 31.4 மி.மீ. போக, ஒவ்வொரு பக்கமும் 1.7 மி.மீ. இடம் எஞ்சுகிறது. இழுகுழலின் சுவர் இந்த ஒடுங்கிய இடத்தில்தான் அடங்க வேண்டும். முதலில் துளையை அளந்து பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பொருத்தும் முறை

முதலாவதாக, சுழல்தண்டின் மூக்கில் உள்ள கூம்புத் துளையைத் துணியால் துடைத்து, பிசிறு இருந்தால் நீக்குங்கள். அதில் காலட்டைத் தாங்கும் இடையுறையைச் செருகி, டயல் கேஜை உறையின் உட்கூம்பில் வைத்துச் சுழற்றுங்கள். முள் அசைந்தால் பிழை இங்கேயே இருக்கிறது. பின்னால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியை மாட்டினாலும் இந்தப் பிழை நீங்காது.

இரண்டாவதாக, சுழல்தண்டின் பின்முனையைச் சரிபாருங்கள். விரல்கள் இழுகுழலை இடப்புறம் தள்ளும்போது, எதிர்விசை உடலை வலப்புறம், அதாவது சுழல்தண்டின் முனை முகத்தின் மீது அழுத்துகிறது. அந்த முகம் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் உடல் சாய்ந்து உட்காரும். இழுகுழல் கோணலாக இழுபடும்.

மூன்றாவதாக, இழுகுழலின் நீளம். காலட்டை உறையில் வைத்து, அதன் மரை தொடங்கும் இடத்திலிருந்து விரல்களின் மூக்கு வரை அளந்து, அதற்கேற்ப முடிவு செய்யுங்கள். விரல்கள் தளர்ந்த நிலையில் கழுத்துப்பட்டை அவற்றைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும்.

நான்காவதாக, தாங்கி. இடப்புறத்தில் பல்சக்கரங்களும் அவற்றின் மூடியும் உள்ளன. மரை வெட்டச் சக்கரங்களை மாற்றும்போது மூடி திறக்க வேண்டும். அதை மறிக்காத இடத்தில் தாங்கியைப் பூட்டுங்கள். அது ஆடாமல் நிற்க வேண்டும்.

பேரிங்குக்கு ஆபத்து உண்டா?

800 கிலோ விசை என்றதும், பழைய பேரிங் தாங்குமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. காலட் சுழல்தண்டின் மூக்கை இடப்புறம் இழுக்கிறது. உடல் பின்முனையை வலப்புறம் தள்ளுகிறது. இரண்டும் சமம், எதிரெதிர். இழுகுழல் இழுவிசையிலும் சுழல்தண்டு அமுக்க விசையிலும் இருக்க, அந்த விசை அவற்றுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பேரிங்குக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் உங்கள் கை வளையத்தைத் தள்ளும் விசை அப்படியன்று. அது பேரிங் மீதுதான் விழும். எனவேதான் கூம்பின் மேல்விளிம்பில் சரிவில்லாத ஒரு பகுதி விட்டிருப்பார்கள். விரல்களின் வால்கள் அதில் ஏறியதும் தாமாகவே பூட்டிக்கொள்ளும், கையை எடுத்துவிடலாம். அதற்குப்பின்னும் நெம்புகோலை அழுத்திப் பிடித்தால்தான் பிடி நிற்கிறது என்றால் அமைப்பு சரியாக இல்லை என்று பொருள். அப்படியே ஓட்டினால் நெம்புகோலின் பேரிங்கும் சுழல்தண்டின் பேரிங்கும் சூடேறித் தேயும்.

இறுக்கத்தைச் சரிசெய்தல்

காலட் சுழலாதபடி உறையில் ஒரு சிறு முளை அதைத் தடுக்கிறது. ஆகவே இழுகுழலைத் திருகினால் மரை ஏறும் அல்லது இறங்கும். ஒரு முழுச் சுற்றுக்கு 1.27 மி.மீ. பூட்டு முளை விழுவதற்கு 20 பள்ளங்கள் இருந்தால், ஒரு பள்ளத்திற்கு 0.06 மி.மீ.; காலட்டின் விட்டத்தில் ஏறத்தாழ 0.02 மி.மீ. கம்பியைச் செருகி நெம்புகோலை இழுங்கள். தடையின்றி விழுந்தால் ஒரு பள்ளம் இறுக்குங்கள். கடைசியில் சற்று அழுத்தமாக ஏறி, ‘டக்’ என்று விழ வேண்டும். முழு வலிமையும் தேவைப்பட்டால் ஒரு பள்ளம் தளர்த்துங்கள். காலட்டில் கம்பி இல்லாதபோது நெம்புகோலை மூடாதீர்கள். தாடைகள் அளவுக்கு மீறி நெருங்கிக் காலட் கெட்டுவிடும்.

உயிருக்கு உலை

இறுதியாக ஓர் எச்சரிக்கை. துளையுள்ள இழுகுழல் வழியே நீண்ட கம்பியைச் செலுத்தலாம் என்பது இந்த அமைப்பின் வசதி. அதுவே அதன் பெரும் ஆபத்தும் ஆகும். சுழல்தண்டுக்குப் பின்னால் தாங்கலின்றி நீளும் கம்பி வேகமாகச் சுழலும்போது சிறிது வளைந்தாலும் போதும். மையவிலக்கு விசை அதை மேலும் வளைக்கும், வளைந்ததால் விசை இன்னும் கூடும். ஒரு கணத்தில் கம்பி செங்கோணமாக மடங்கிச் சாட்டைபோல் சுழன்று அருகில் நிற்பவரைக் கொல்லவும் கூடும். கம்பி பின்னால் நீளாதபடி வெட்டிச் செலுத்துங்கள்; அல்லது நிலையாக நிறுத்திய குழாய் ஒன்றினுள் அது சுழலும்படி செய்யுங்கள். பின்முனையில் சுழலும் உடலுக்கும் ஒரு காப்பு மூடி வேண்டும்; விரல்களும் போல்ட் தலைகளும் சட்டைக் கையைப் பற்றி இழுக்கவல்லவை.

இவ்வளவும் செய்தால், ஐம்பது ஆண்டு உழைத்த லேத்தும் ஒரு சிறு உற்பத்தி எந்திரமாக மாறிவிடும். பாடநூலில் நீங்கள் படித்த நெம்புகோல், சாய்தளம், ஆப்பு, திருகு ஆகிய நான்கு தனிப்பொறிகளும் இங்கே ஒரு கைப்பிடியின் பின்னால் கூடி வேலை செய்கின்றன. அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும்போது அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பாருங்கள்.