நரம்பின் காவலும் நமது கடமையும்

வரப்பின்மீது நடந்து செல்லும் உழவரின் காலில் கருவேல முள் தைக்கிறது. அவர் 'ஆ' என்று வாய் திறப்பதற்கு முன்னரே கால் தானாக மேலெழும்பிவிடுகிறது. அடுப்பிலிருந்து பானையை இறக்கும் தாயின் விரலில் சூடு பட்டவுடன் கை பின்வாங்குகிறது. இவ்வாறு நம்மை நொடிதோறும் காத்து நிற்பது யாது? நரம்புத் திசுவே ஆகும். வலியைத் துன்பமென்று நாம் வெறுக்கிறோம். அது நம் உடலுக்கு வாய்த்த காவற்காரன் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நரம்புத் திசுவின் அமைப்பு

நம் உடல் பலவகைத் திசுக்களால் ஆனது. தசைத் திசு சுருங்கி விரிகிறது. எலும்புத் திசு உடலைத் தாங்குகிறது. செய்தியை வாங்கிக் கொண்டுசெல்வது நரம்புத் திசுவின் தொழில். மூளையும், தண்டுவடமும், உடலெங்கும் பரவிய நரம்புகளும் இத்திசுவால் ஆனவையே. இதன் அடிப்படை நரம்பணு. மனித மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

பெரும்பாலான நரம்பணுக்களில் மூன்று பகுதிகளைக் காணலாம். உட்கருவைக் கொண்ட அணுவுடல் ஒன்று. செய்தியை வாங்கும் குறுங்கிளைகள் பல. செய்தியை வெளியே கொண்டுசெல்லும் நீண்ட இழை ஒன்று. தண்டுவடத்தினருகே தொடங்கிக் கால் விரல்வரை ஏறத்தாழ 1 மீட்டர் நீளும் இழைகளும் உண்டு. மின்கம்பியின்மீது காப்புறை இருப்பதுபோலப் பல இழைகளின்மீது கொழுப்பு மிகுந்த வெண்ணிற உறை அமைந்துள்ளது. கைகால் நரம்புகளில் இவ்வுறையை அமைத்துத் தருபவை சுவான் அணுக்கள். உறையுடைய பருத்த இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டர்வரை விரையும். உறையற்ற மெல்லிய இழைகளில் நொடிக்கு 1 மீட்டர் அளவே செல்லும்.

செய்தி செல்லும் விதம்

இழையினூடே செய்தி ஒரு மின் மாறுதலாக ஓடுகிறது. ஓர் அணுவுக்கும் மற்றோர் அணுவுக்குமிடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அங்கே சில வேதிப்பொருள்கள் சுரந்து செய்தியை அக்கரை சேர்க்கின்றன. முள் தைத்த செய்தி தண்டுவடத்தை அடைந்ததும், காலை எடுக்கும்படி அங்கிருந்தே தசைகளுக்குக் கட்டளை பிறக்கிறது. மூளை வலியை உணர்வது அதன் பின்னரே. தலைநகருக்கு எழுதிக் காத்திராமல் ஊராட்சியே காரியத்தை முடித்துவிட்டு, மேலிடத்துக்குப் பின்னர் அறிக்கை அனுப்புவது போன்றது இது.

காவல் இழந்த கைகால்கள்

இக்காவலைக் குலைக்கும் நோய்களுள் ஒன்று தொழுநோய். இதன் கிருமியை 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். அக்கிருமி முன்னர்க் கூறிய சுவான் அணுக்களிலேயே குடிபுகுகிறது. குளிர்ந்த பகுதிகளில் அது நன்கு வளர்வதால், தோலையும், முழங்கை, முழங்கால் போன்ற இடங்களில் தோலையடுத்து ஓடும் நரம்புகளையும் தாக்குகிறது. நரம்பு கெட்டால் உணர்ச்சி அறும். உணர்ச்சி அற்ற கை கொதிகலத்தைப் பற்றினாலும் பின்வாங்காது. முள் தைத்த கால் நிற்காமல் நடக்கும்.

நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்று நம்மில் பலர் இன்றும் கருதுகின்றனர். இது தவறு. வலியுணர்வு அற்றமையால் கவனிக்கப்படாத புண்களும் தீக்காயங்களுமே விரல்களை அழிக்கின்றன என்பதை, 1946-இல் வேலூருக்குப் பணியாற்ற வந்த மருத்துவர் பால் பிராண்டு தம் ஆய்வுகளால் விளக்கிக் காட்டினார்.

நாம் செய்ய வேண்டுவன

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அவ்விடத்தில் தொடுவுணர்ச்சி குறைந்திருக்குமாயின் காலம் தாழ்த்தலாகாது. கண்களை மூடச் செய்து, பஞ்சுத் திரியால் அவ்விடத்தைத் தொட்டுப் பார்த்தால் ஐயம் எழ இடமுண்டா என்பது விளங்கும். ஐயம் எழுந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை அங்கு இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ மருந்துண்டால் நோய் குணமாகும். ஆனால் நெடுநாள் கெட்டுப்போன நரம்பு மீள்வது அரிது. ஆகவேதான் விரைவு வேண்டும் என்கிறோம்.

உணர்ச்சி குறைந்தவர்கள் நாள்தோறும் உள்ளங்கை, உள்ளங்கால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். நீரில் சிறிது நேரம் ஊறவைத்து எண்ணெய் தடவுதல் நலம். சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தொடலாகாது. மெத்தென்ற அடியுடைய செருப்பின்றி நடக்கலாகாது. நீரிழிவாலும் கால் நரம்புகள் கெடுவதுண்டாதலால், அந்நோயுற்றோரும் கால்களை நாள்தோறும் சோதித்து, செருப்பணிந்தே நடத்தல் வேண்டும்.

பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. மருந்துண்ணத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவும் என்ற அச்சமும் வேண்டுவதில்லை. எனினும், ஊரார் ஒதுக்குவரோ என்ற அச்சத்தால் தேமலை மறைப்போர் நம் நடுவில் உளர். அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் நரம்பு நலிகிறது. அவர்களை வெறுக்காமல், கைபிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. உடலைக் காக்க நரம்பு உண்டு. அந்நரம்பைக் காக்க நாம்தான் உண்டு.