குழந்தைகளின் கடும் நிமோனியா: எம்மருந்து நன்று?

நிமோனியா நுரையீரலைப் பற்றும் நோய். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளிடம் இது விரைவில் முற்றி, உயிருக்கே அபாயம் விளைவிக்கக்கூடும். ஊசி போட்டால்தான் இது தீரும் என்போரும், பழைய மருந்தே போதும் என்போரும் நம்மிடையே உண்டு. மருந்துகளை ஒப்பிட்டு நடத்திய ஆராய்ச்சிகளின் முடிவை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

நோய் மிகவும் முற்றிய குழந்தைகளுக்கு முன்னர்க் குளோரம்பெனிகால் ஊசியே பெரிதும் வழங்கிற்று. 2000 முதல் 2004 வரை இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் இத்தகைய 958 குழந்தைகளிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு சாராருக்குக் குளோரம்பெனிகாலும், மறு சாராருக்கு ஆம்பிசிலினுடன் ஜென்டாமைசினும் ஊசி மூலம் செலுத்தப்பட்டன. 2008-இல் முடிவு வெளியாயிற்று. ஐந்தாம் நாளில், முதற் பிரிவில் நூற்றுக்குப் 16 பேருக்கும், இரண்டாம் பிரிவில் 11 பேருக்கும் சிகிச்சை பலிக்கவில்லை. ஆகவே இரு மருந்துகளின் கூட்டே மேல் எனத் தெளிவாயிற்று. ஒன்று தாக்காத கிருமியை மற்றொன்று தாக்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட நெறிமுறையும், கடும் நிமோனியாவுக்கு ஆம்பிசிலின் அல்லது பெனிசிலினுடன் ஜென்டாமைசினை முதல் மருந்தாகக் குறித்தது. அது பலிக்காவிடில் செஃப்ட்ரியாக்சோன்.

எனினும், எல்லா நிமோனியாவுக்கும் ஊசி வேண்டும் என்பதில்லை. மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி உட்குழிந்தும், வேறு அபாயக் குறி இல்லாத 1,702 குழந்தைகளிடம் வேறோர் ஆராய்ச்சி நடந்தது. 2004-இல் வெளியான அதன் முடிவின்படி, பெனிசிலின் ஊசியும், வாய்வழி அமாக்சிசிலினும் சமமான பலனே தந்தன.

இவ்விரு நிலைகளையும் பெற்றோர் பிரித்தறிதல் அவசியம். குழந்தை அமைதியாக இருக்கையில் ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுக. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ம், அதற்கு மேலும் இருப்பின் அது வேகமூச்சு, மருத்துவரிடம் காட்டுக. பால் குடிக்க இயலாமை, உண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பினும் விழியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் ஆஸ்பத்திரியே கதி. அங்கு ஊசியோடு பிராணவாயுவும் தேவைப்படலாம். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவை எவ்வித ஐயத்திலும் உடனே கொண்டு செல்க.

வீட்டில் மிஞ்சிய மருந்தைக் கொடுப்பதும், சற்றுத் தேறியவுடன் பாதியில் நிறுத்துவதும் தவறு. மருந்தைத் தேர்வது மருத்துவர் பொறுப்பு. பாவு முடியட்டும், அறுவடை தீரட்டும் எனக் காலந் தாழ்த்தாது குழந்தையைக் கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு.