இத்தாலியை ஆறியமர்ந்து காணல்

பிறதேசம் காணச் செல்வார் இரு திறத்தினராவர். கண்ட ஊர்களை எண்ணி மகிழ்வார் ஒரு திறத்தார். கண்ட ஊரை எண்ணி மகிழ்வார் மற்றொரு திறத்தார். முன்னையோர்க்கு எண்ணுதல் கணக்கிடுதலாம். பின்னையோர்க்கு எண்ணுதல் சிந்தித்தலாம். சென்ற ஆண்டு எம் விடுதிக்கு வருகைதந்த பழைய மாணவர் ஒருவர், தாம் ஏழு நாளில் பதினொரு நகரங்களைக் கண்டு மீண்ட இத்தாலியப் பிரயாணத்தை எமக்கு விரித்துரைத்தார். அவர் காட்டிய படங்களோ பல. அவற்றுள் வெண்சலவைக் கல்லால் இயன்ற கோயில் ஒன்றன் படம் எம்மைப் பெரிதும் ஈர்த்தது. "இஃது எவ்வூர்க் கோயில், ஐயா?" என வினவினோம். அவர் சிறிது நேரம் அப்படத்தையே நோக்கியிருந்து, பின்னர் நகைத்து, "தம்பிகளே, நான் போய்ப் பார்த்தேன் என்று சொல்வதைவிட, என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள் என்று சொல்வதே சரி" என்றார். தம் குறையைத் தாமே இங்ஙனம் எடுத்துரைத்த அப்பெரியாரின் நேர்மையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இத்தாலியையும் அதனை அடுத்துள்ள தீவுகளையும் முப்பது நாளில் அவசரமின்றிக் காண விரும்புவார் எவ்வழிச் செல்லலாம், எதன்பொருட்டு எங்கே தங்கலாம் என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுந்தோம். ஒரு நாட்டைக் காணாதார் அதற்கு வழி கூறுதல் தகுமோ எனின், தகும் என்பேம். என்னை? பெருந்தொகை செலவிட்டுச் செல்வார், செல்லுமுன் நூலகத்து மேசைமீது தேசப்படத்தை விரித்துச் சில மாலைகளைக் கழிப்பரேல், அம்மாலைகளே அவர்தம் பிரயாணத்தின் முதற்பகுதியாம். யாம் செய்தது அவ்வளவே. எமக்கு வழிகாட்டிகளாக இருவரைக் கொண்டோம். ஒருவர், கைதியாகக் கப்பலேறி மெலித்தாவினின்று ரோமாபுரி சென்ற பவுல் அப்போஸ்தலர். மற்றவர், இத்தாலியினின்று புறப்பட்டுத் தமிழகம் போந்த வீரமாமுனிவர். முன்னவர் சென்றவாறே தெற்கினின்று வடக்கே சென்று, பின்னவர் பிறந்த ஊரில் முடிவதாக எம் வழி அமைந்தது.

முதற்கண் காலம் அறிதல் வேண்டும். மத்தியதரைக் கடலை அடுத்த நாடுகளில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தே பெய்யும், கோடையோ வறண்டது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயிலும் மிகும், கூட்டமும் மிகும். ஆகஸ்டு 15-ஆம் நாளை ஒட்டி இத்தாலியரே தம் நகரங்களை விட்டுக் கடற்கரைகளை நாடுவர். நகரக் கடைகள் பல அடைபட்டிருக்கும். ஆதலின் ஏப்ரல், மே மாதங்களேனும், செப்டம்பர் இறுதியும் அக்டோபருமேனும் ஏற்றவை. தென்னித்தாலிய ஊர்களில் நண்பகலுக்குப்பின் சில மணிநேரம் கடைகளை அடைத்துவிடுதல் வழக்கம். விரைவார் இதனை இடையூறென்பர். மெல்லச் செல்வார் அவ்வேளையில் தாமும் இளைப்பாறுவர்.

முதல் நான்கு நாட்களும் மால்டாவுக்கு உரியன. வேதத்தில் மெலித்தா என வழங்கும் தீவு இதுவே. உடைந்த கப்பலினின்று கரைசேர்ந்த இருநூற்றெழுபத்தாறு பேரையும், மழையும் குளிரும் கருதி நெருப்பு மூட்டி வரவேற்ற தீவாரின் செய்தியை நம்மவர் பலரும் அறிவர். இத்தீவினர் இன்று பேசும் மொழி அரபியினின்று கிளைத்தது. இத்தாலியச் சொற்கள் மிகக் கலந்தது. உரோம எழுத்துக்களால் எழுதப்படுவது. 1530-ஆம் ஆண்டில் ஐந்தாம் சார்லஸ் என்னும் பேரரசர், ஆண்டுக்கு ஒரு வல்லூறு திறையாகப் பெற்று, இத்தீவைப் புனித யோவான் சபை வீரர்க்கு ஈந்தார். 1565-இல் துருக்கியரின் பெருமுற்றுகையைத் தாங்கிநின்ற அவ்வீரர், மறு ஆண்டே வலெத்தா நகருக்கு அடிக்கல் நாட்டினர். ஆயினும் இவையெல்லாம் நேற்றைய செய்திகளே. அடுத்துள்ள கோஸோ தீவின் கற்கோயில்கள் எகிப்தியப் பிரமிடுகளினும் பழமையானவை. 1902-இல் வெளிப்பட்ட ஹால் சஃப்லியேனி என்னும் நிலத்தடி ஈமக்கோயிலில், மக்களின் மூச்சுக்காற்றும் பண்டைய வண்ணங்களைக் கெடுக்குமாதலின், ஒரு நாளைக்கு மிகச் சிலரையே உள்ளே விடுகின்றனர். திட்டமின்றி விரைந்து செல்வார்க்கு அக்கதவு திறப்பதில்லை.

மால்டாவினின்று விரைவுக்கப்பல் இரண்டு மணிநேரத்துக்குள் சிசிலியின் தென்கரையை அடையும். அங்கிருந்து சீரகூசா செல்லலாம். பவுல் அந்நகரில் மூன்று நாள் தங்கினார் என்பர். கைதியாகச் சென்றவரே மூன்று நாள் தங்கினாரெனில், விடுமுறையிற் செல்வார் அதனினும் குறைதல் அழகன்று. எத்னா மலையையும் சேர்த்து ஐந்து நாட்கள் கொள்க. ஆர்க்கிமீடிஸ் வாழ்ந்து, கி. மு. 212-இல் உரோமர் நகரைப் பிடித்தபோது மடிந்த ஊர் இது. இந்நகரத்துப் பேராலயம் காண்டற்கரியது. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கர் அதேனா தேவிக்கு எடுத்த கோயிலின் தூண்களை அகற்றாமலே, அவற்றிடையே சுவர் எழுப்பிக் கிறிஸ்தவ ஆலயமாக்கினர். இன்றும் அத்தூண்கள் சுவரினின்று புடைத்து நிற்கின்றன. வாயிலில் ஒரு நொடி நின்று படம் எடுத்து மீள்வார் ஆலயத்தைக் காண்பர். உள்ளே சென்று அமர்வாரே இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளைக் காண்பர்.

எத்னா ஏறத்தாழ 11,000 அடி உயரமுள்ள எரிமலை. 1669-இல் அதன் நெருப்புக்குழம்பு கத்தானியா நகரின் ஒரு பகுதியை விழுங்கிற்று. நகரத்தாரோ, ஆறியுறைந்த அக்கருங்கல்லையே வெட்டியெடுத்துத் தம் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் வளமிக்க மண்ணாதலின், அதன் அடிவாரத்தே திராட்சையும் ஆரஞ்சும் செழிக்கின்றன. கெடுத்த மலையே கொடுக்கவும் செய்கின்றமையால் மக்கள் அதனை விட்டு நீங்குவதில்லை.

அடுத்து பலெர்மோ, நான்கு நாட்கள். இந்நகரை 831-இல் அராபியரும், 1072-இல் நார்மானியரும் கைப்பற்றினர். எலுமிச்சையையும் நீர்ப்பாய்ச்சும் நுட்பங்களையும் சிசிலியிற் பரப்பியவர் அராபியரே. நார்மானிய அரசர் இரண்டாம் ரோஜர் தம் அரண்மனையில் எடுத்த சிற்றாலயத்தில், சுவரிலுள்ள பொற்சில்லு ஓவியங்கள் கிரேக்க முறையின. மேலுள்ள மரவிதானம் அராபியக் கைவண்ணம். வழிபாடோ இலத்தீன் முறையது. வென்றவர் தோற்றவரின் கலையை அழியாது போற்றியதன் பயனை அங்கே அண்ணாந்து நோக்கி அறியலாம்.

பின்னர் மூன்று நாட்களை லிப்பரித் தீவுகளுக்கு ஒதுக்குக. இவை ஏழு. இவற்றுள் ஸ்திரோம்போலி பல நூற்றாண்டுகளாக இடைவிடாது நெருப்பை உமிழ்ந்துவருவது. மாலுமிகள் இதனை மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என வழங்கினர். 2019-ஆம் ஆண்டின் பெருவெடிப்பில் ஒருவர் உயிரிழந்தபின் மலையுச்சிக்குச் செல்லுதல் கட்டுப்படுத்தப்பட்டது. இரவில் தோணியிலிருந்து காண்டலே சாலும். சிசிலியினின்று இத்தாலியின் பெருநிலத்துக்கு மெஸ்ஸினா ஜலசந்தியைக் கடத்தல் வேண்டும். குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ இரண்டு மைலே. பாலம் இன்மையால் புகைவண்டியின் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரை சேர்க்கின்றனர். அந்நேரத்தில் கப்பலின் மேற்றளத்தில் நின்று இரு கரைகளையும் நோக்குவார், 1908 டிசம்பர் 28-ஆம் நாள் விடியலில் நிலம் நடுங்கிக் கடல் பொங்கி, மெஸ்ஸினாவும் எதிர்க்கரையிலுள்ள ரேகியுவும் இடிந்து பல்லாயிரவர் மாண்டதை நினைவுகூர்வாராக.

நேப்பிள்சையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் காண ஆறு நாட்கள் வேண்டும். பவுல் கரையேறிய புத்தேயோலி இன்று போத்சுவோலி எனப்படும். கீழ்த்திசைப் பண்டங்கள் உரோமருக்கு வந்திறங்கிய பெருந்துறை இது. யவனர் மரக்கலங்கள் பொன் கொணர்ந்து முசிறியில் மிளகு ஏற்றிச் சென்றமையைச் சங்கச் செய்யுட்களிற் பயில்வார், அம்மரபின் மறுமுனையை இங்கே காண்பர். இவ்வூர்ப் பழைய அங்காடியில் நிற்கும் மூன்று தூண்களில், மனிதர் உயரத்துக்கு மேலும் கடற்சிப்பிகள் துளைத்த துளைகள் உள. தூண்களைக் கடல் மூடியிருந்தாலன்றி இது நிகழாது. நிலத்தடி நெருப்பின் அழுத்தத்தால் இவ்வூர் நிலம் மூச்சுவிடும் மார்புபோல் தாழ்ந்தும் உயர்ந்தும் வருதலே காரணம். 1970-இல் பழைய குடியிருப்பு ஒன்றன் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1982 முதல் 1984 வரை நிலம் ஏறத்தாழ ஆறு அடி உயர்ந்தது. நமக்குக் காட்சியாய் நிற்பது அவர்க்கு வீட்டுச்சுவரின் வெடிப்பு என்பதை மறவற்க.

கி. பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பேயியை 1748-இல் அகழத் தொடங்கினர். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இன்னும் மண்ணுள்ளேயே உளது. 1938-இல் அங்குக் கிடைத்த தந்தப் பாவை ஒன்று இந்தியக் கைவினை. அது நேப்பிள்சுப் பொருட்காட்சிச் சாலையில் உளது. 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது இத்தாலிய அரெத்சோ நகரத்துச் செம்மட்கலங்களின் உடைவுகள் வெளிப்பட்டமையை இதனோடு வைத்து நோக்குக. நம் பொருள் அங்கும் அவர் பொருள் இங்கும் மண்ணுள் உறங்கின.

காப்ரித் தீவின் நீலக்குகை புகழ் வாய்ந்தது. அதன் வாயில் மிகத் தாழ்ந்தமையால் சிறு தோணியில் படுத்தவாறே நுழைதல் வேண்டும். உள்ளே நீர் நீலமணிபோல் ஒளிரும். வாயிலின் கீழே, நீருக்குள், அதனினும் பெரிய திறப்பு ஒன்று உளது. கதிரொளி அதன்வழி நீரை ஊடுருவுங்கால் செந்நிறக் கதிர்களை நீர் உறிஞ்ச, நீலமே எஞ்சி மேலெழும். கடல் கொந்தளிப்பின் குகை அடைபடும். ஒருநாளே தங்குவார் வருந்தி மீள்வர். மறுநாளும் உடையார்க்கு வருத்தமில்லை.

ரோமாபுரிக்கு ஆறு நாட்கள். கி. மு. 312-இல் தொடங்கிய அப்பியன் பெருவழியில் சிறிது தூரமேனும் கால்நடையாய்ச் செல்க. சகோதரர் அப்பியுபுரமும் மூன்று சத்திரமும் வரை எதிர்வரக் கண்டு அப்போஸ்தலர் தைரியமடைந்தது இவ்வழியிலேதான். நகரத்துத் தெருக்களில் ஏறத்தாழ 2,500 குடிநீர்க் குழாய்கள் ஓயாது ஒழுகுகின்றன. வளைந்த வடிவால் அவற்றைப் 'பெருமூக்கு' என மக்கள் விளையாட்டாய் அழைப்பர். நாளுக்கு ஓரிடமே காண்க. எஞ்சிய பொழுதை அக்குழாயடியில் நின்று ஊரைக் காண்பதிற் கழிக்க. தத்துவ போதகர் எனத் தமிழர் போற்றும் ராபர்ட் தெ நோபிலி 1577-இல் பிறந்த நகரம் இது. அவர் உயிர்நீத்ததோ 1656-இல் மயிலாப்பூரில்.

வெனிஸை ஏன் விடுத்தீர் எனின், அந்நகரை இகழ்ந்தன்று, இரங்கியே விடுத்தோம். ஒரு பகல் வந்து மாலையில் மீள்வாரின் பெருக்கால் அந்நகரம் நலிந்தது. பழைய நகர்ப்பகுதியில் வாழ்வார் தொகை ஐம்பதினாயிரத்துக்கும் குறைந்துவிட்டது. 2021-இல் பெருங்கப்பல்களை நகரின் நடுக்கால்வாயினின்று விலக்கினர். 2024-இல் கூட்டம் மிகும் நாட்களில் ஒருபகல் விருந்தினர்க்கு நுழைவுக் கட்டணம் விதித்தனர். பொம்பேயியிலும் அவ்வாண்டு முதல் நாளுக்கு இருபதினாயிரவர்க்கு மேல் விடுவதில்லை. விரைந்து காணல் காண்பார்க்கு மட்டும் கேடன்று. காணப்படும் ஊர்க்கும் கேடாம். ஒரு வாரம் தங்கவல்லார் தனியே பிறிதொருமுறை வெனிஸ் செல்க.

இறுதி இரண்டு நாட்களும் வடக்கே, கார்தா ஏரிக்குத் தெற்கிலுள்ள காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் சிற்றூர்க்கு உரியன. 1680-இல் வீரமாமுனிவர் பிறந்த ஊர் இதுவே. தமிழர் ஞானப்பிரகாசியார் என வழங்கும் தூய அலோசியஸும் இவ்வூரினரே. எம் வயதினும் நான்காண்டே மிக்கவராய், 1591-இல் ரோமாபுரியில் கொள்ளைநோயுற்றாரைப் பேணி அந்நோயாலேயே இறந்தார். 1859 ஜூன் 24-ஆம் நாள் அருகிலுள்ள சொல்ஃபெரினோவில் பெரும்போர் மூண்டபோது, காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் இவ்வூர்க்குக் கொணரப்பட்டனர். ஆலயத்துத் தரையிற் கிடந்த அவர்களை இவ்வூர்ப் பெண்டிர், தம் படையினர் பகைப்படையினர் என்னும் வேற்றுமையின்றிப் பேணினர். அதனை உடனிருந்து கண்ட ஹென்றி துனான் என்பாரின் உள்ளத்தில் முளைத்த எண்ணமே 1863-இல் செஞ்சிலுவைச் சங்கமாய் வளர்ந்தது. பிரயாண விளம்பரங்களில் இவ்வூரின் பெயர் காணப்படுவது அரிது. ஆயினும் ஆலயத்தின் குளிர்ந்த தரையை நோக்கி ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருப்பார்க்கு இதனினும் பெரிய காட்சி இத்தாலியில் யாதுளது?

மால்டாவில் நெருப்பு மூட்டினோர்க்கும், இவ்வூரில் காயம் கட்டினோர்க்கும் வந்தவர் அயலாரே. அயலாரை ஏற்றவர் செய்தியை அயலாராய்ச் சென்று அறிதல் பிரயாணத்தின் பெரும்பயன் என்க. இனி, வீரமாமுனிவரையே நினைவுகூர்ந்து முடிப்பாம். தமிழகம் போந்த அவர் தம் ஊரை மீண்டும் கண்டாரல்லர், முப்பது ஆண்டுக்கு மேல் இங்கேயே இருந்து, நம்மவரோடு உண்டு, நம்மவர்பால் கற்று, நம் மொழியில் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். அவர் நம் நாட்டை ஏழு நாளிற் கண்டு மீண்டிருப்பரேல் தமிழுக்குத் தேம்பாவணி ஏது? முப்பது ஆண்டு நம்மால் இயலாது. முப்பது நாளேனும் இயலுமன்றோ?