தாழ்வாரத்துக்கு ஒரு கம்பிவலை

வீட்டுத் தாழ்வாரம் ஒன்றுக்குக் கம்பிவலை அடித்த கதையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். தச்சரை அழைத்துச் சொன்னால் மூன்று நாளில் முடிந்துவிடுகிற வேலைதானே, அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கல்லூரியில் முப்பது ஆண்டு இயற்பியல் கற்பித்தவன் நான். அந்த எண்ணம் தவறு என்பதை எனக்கு உணர்த்தியவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி.

எங்கள் வீடு நாகப்பட்டினத்தில் கடலுக்கு அண்மையில் உள்ளது. கொல்லைப்புறம் நோக்கிய தாழ்வாரம் ஒன்று அதற்கு உண்டு. நீளம் 18 அடி, அகலம் 8 அடி. ஒரு பக்கம் வீட்டுச் சுவர். மற்ற மூன்று பக்கங்களும் திறந்தவை. மாலையில் கடற்காற்று அங்கே தாராளமாக வீசும். என் பேத்தி அங்கு அமர்ந்துதான் படிப்பாள். ஓர் ஐப்பசி மாதத்தில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத் தட்டணுக்கள் நாள்தோறும் குறைந்துவர, ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து அவள் பிழைத்து வந்தாள். அவள் வீடு திரும்பிய அன்றே தாழ்வாரத்தை வலையால் அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கம்பிவலையின் ஆற்றலை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டார். எனினும், சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே அந்நோய்க்குக் காரணம் என்ற பழைய நம்பிக்கை எளிதில் அகலவில்லை. எனவே 1900ஆம் ஆண்டில் பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவ அறிஞர் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். ரோம் நகரை அடுத்த ஆஸ்டியா என்னும் இடம் மலேரியாவுக்குப் பேர்போனது. அங்கே கதவுக்கும் சன்னலுக்கும் வலையடித்த மரக்குடில் ஒன்றில் சாம்பன், லோ என்ற இரு மருத்துவர்கள் துணைவர்களுடன் கோடை முழுவதும் தங்கினர். பகலில் விருப்பம்போல் வெளியே திரிந்தனர். பொழுது சாயுமுன் குடிலுக்குள் புகுந்துகொண்டனர். அதே காற்றைத்தான் இரவெல்லாம் சுவாசித்தனர். கொயினா மருந்தையும் அவர்கள் உட்கொள்ளவில்லை. ஒருவருக்கேனும் காய்ச்சல் வரவில்லை.

அதே ஆண்டின் இறுதியில், கியூபாத் தீவில் வால்ட்டர் ரீடு என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் இன்னும் நுட்பமான சோதனை ஒன்றை நடத்தினார். அவர் ஆராய்ந்தது மஞ்சள் காய்ச்சலை. நம் ஊரில் வழங்கும் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இதனைப் பரப்புவது கொசுவே என்று கார்லோஸ் பின்லே என்ற கியூப மருத்துவர் 1881ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார், கேட்பார் இல்லை. ரீடு சிறு வீடு ஒன்றைக் கட்டி, அதன் அறையை நடுவில் கம்பிவலையால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் நோயாளிகளைக் கடித்த கொசுக்களை விட்டார். மறு பாதியில் கொசு இல்லை. 1900 டிசம்பர் 21ஆம் நாள் ஜான் மோரன் என்ற இளைஞர் தாமே முன்வந்து கொசுக்கள் இருந்த பாதியில் படுத்தார். கிறிஸ்துமஸ் நாளன்று அவர் காய்ச்சலில் வீழ்ந்தார். பின்னர் நலம் பெற்றார். வலைக்கு அப்பால் இருந்தவர்கள் நோயின்றி இருந்தனர். இரு பாதியிலும் காற்று ஒன்றே. இடையில் இருந்தது வலை மட்டுமே. நோய் காற்றில் வரவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ!

இனி, என் தாழ்வாரத்துக்கு வருவோம். முதற் கேள்வி, வலையின் கண் எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பது. மிகப் பெரிதானால் கொசு நுழையும். மிகச் சிறிதானால் காற்று தடைப்படும். கடைகளில் கிடைக்கும் கொசுவலைகளில் அங்குலத்துக்கு 16 கம்பி கொண்டது ஒரு வகை. கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதை 16ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.59. அதில் கம்பியின் தடிமனைக் கழித்தால், கண்ணின் அகலம் 1.31 மில்லிமீட்டர். கொசுவைத் தடுக்க இது போதும். மொத்தப் பரப்பில் காற்று புகும் பங்கு எவ்வளவு? 1.31ஐ 1.59ஆல் வகுத்து, வந்த ஈவை அதனாலேயே பெருக்கினால், 100க்கு 68 பங்கு. மென்காற்று வீசும்போது கம்பிகளின் உராய்வினால் இழப்பு இன்னும் சற்றுக் கூடும். ஆகவே, ஒரு பக்கத்தை மட்டும் திறப்பாக விட்டு மற்றவற்றைச் சுவரெழுப்பி மூடுவது கூடாது. மூன்று பக்கமும் வலையாக இருந்தால், இழந்த காற்றைப் பரப்பினால் ஈடு செய்யலாம்.

இரண்டாவது கேள்வி, எந்தக் கம்பி என்பது. நாகப்பூச்சுப் பூசிய இரும்புக் கம்பி மலிவானது. ஆயின், கடலோரத்தில் உப்புக்காற்று அப்பூச்சை அரித்துவிடும்; பிறகு துரு விரைந்து ஏறும். அலுமினிய வலையைச் செம்பு ஆணிகொண்டு அடித்தால், ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் அது சிறு மின்கலம் ஆகிவிடும். அலுமினியம் கரைந்து போகும். வலையும் ஆணியும் ஒரே உலோகமாக இருப்பது நலம். நான் துருப்பிடிக்காத எஃகு வலையையும், அதே எஃகினால் ஆன ஆணிகளையும் தேர்ந்தேன். கண்ணாடி இழை வலையும் துருவேறாதது, விலையும் குறைவு. ஆனால் பூனையின் நகத்துக்கு அது தாங்காது.

மூன்றாவது, கதவு. வலைக்கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். மாலையில் கொசுக்கள் கதவின் வெளிப்பக்கத்தில் வந்து அமரும். கதவு உட்புறம் திறந்தால் அவற்றை நாமே உள்ளே அழைத்துச் செல்வோம். திறந்த கதவு தானே மூடிக்கொள்ள ஒரு ஸ்பிரிங்கு வேண்டும். கதவின் அடிச் சந்துக்கு ரப்பர்ப் பட்டையும், ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் இடையிலுள்ள சந்துகளுக்குக் காரைப்பூச்சும் வேண்டும். ஆயிரக்கணக்கான கண்களை மில்லிமீட்டர்க் கணக்கில் அளந்து வாங்கிவிட்டு, கதவின் கீழே விரல் நுழையும் இடைவெளியை விட்டுவைத்தால் அவ்வளவும் வீண்.

இவ்வளவும் செய்து முடித்தோம். தச்சர் குறை ஏதும் வைக்கவில்லை. நான் நண்பர்களை அழைத்து வந்து பெருமையுடன் காட்டினேன். பத்து நாள் சென்றிருக்கும். படித்துக்கொண்டிருந்த பேத்தி தன் கணுக்காலைத் தட்டினாள். வெண்புள்ளிகளும் வரிகளும் கொண்ட கொசு ஒன்று அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பகலில் கடிப்பது. அடுத்த நாள் மேலும் மூன்று. நான் கைவிளக்கை எடுத்துக்கொண்டு சட்டங்களின் மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். ஒரு துளையும் அகப்படவில்லை.

"தாத்தா, வெளியிலிருந்து வருகிறது என்று ஏன் நினைக்கிறீர்கள்? இங்கே வந்து பாருங்கள்" என்றாள் அவள். என் மனைவி தாழ்வாரத்தில் ஐந்து பூந்தொட்டிகள் வைத்திருக்கிறாள். தரை நனையாதிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மண்தட்டு உண்டு. தட்டில் தேங்கிய நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு பெற்றுப் பறக்க, நம் நாட்டு வெப்பத்தில் எட்டு முதல் பத்து நாள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியே மாதக்கணக்கில் உயிரோடிருக்க வல்லவை. வலை அடிக்குமுன் இட்ட முட்டைகளே அவை. வெளியே பறந்து போயிருக்க வேண்டிய கொசுக்களை வலைக்குள் அடைத்து, அவற்றோடு என் பேத்தியையும் அமர்த்தியிருந்தேன்!

பனாமாவில் நிகழ்ந்த ஒரு செய்தி அப்போது என் நினைவுக்கு வந்தது. அங்கே கால்வாய் வெட்டும் பணியை 1881ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் தொடங்கினர். ஆங்கோன் குன்றில் அவர்கள் அழகிய மருத்துவமனை கட்டினர். எறும்பு ஏறாதிருக்கக் கட்டில் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினர். தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் நீர் நிரம்பிய மண்வளையங்கள் வைத்தனர். அந்நீரில் கொசுக்கள் பெருகின. சன்னல்களுக்கோ வலை இல்லை. வேறு நோய்க்கு வந்தவர்களும் மஞ்சள் காய்ச்சலால் மாண்டனர். பிரெஞ்சு முயற்சியின்போது இறந்தோர் ஏறத்தாழ 20,000 பேர் என மதிப்பிடுவர்.

1904ஆம் ஆண்டில் அமெரிக்கர் அப்பணியை ஏற்றபோது, சுகாதாரப் பொறுப்பு வில்லியம் கார்காஸ் என்பவரிடம் வந்தது. அவர் நீர் தேங்கும் இடங்களை ஒழித்தார். வீட்டுத் தாழ்வாரங்களுக்கு வலை அடிக்கச் செய்தார். மஞ்சள் காய்ச்சல் கண்டவரை வலையறையில் வைத்தார். நோயாளியைக் கொசு கடித்தால் அது மற்றவரிடம் நோயைக் கொண்டுசெல்லும் அல்லவா? அந்த வலை காத்தது வெளியே இருந்தவர்களை. பனாமா நகரில் 1905ஆம் ஆண்டின் இறுதியோடு மஞ்சள் காய்ச்சல் மறைந்தது.

ஆனால் அக்கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. வலையடித்த தாழ்வாரங்கள் அமெரிக்க ஊழியர்களின் வீடுகளுக்கு வாய்த்தன. பார்படாஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்து மண் வெட்டிய கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலோர் நெருக்கமான வாடகை அறைகளிலும், காட்டோரக் குடிசைகளிலும் வலையின்றி வாழ்ந்தனர். 1904 முதல் 1914 வரை நோயாலும் விபத்தாலும் அங்கு இறந்தவர் 5,609 பேர் எனக் கணக்கு உள்ளது. அவர்களில் ஏறக்குறைய 4,500 பேர் கறுப்பினத் தொழிலாளர்.

இதைப் பேத்தியிடம் சொன்னபோது அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவின் மகனுக்கும் காய்ச்சல் என்கிறார்களே, தாத்தா, அவர்கள் வீட்டில் வலை இல்லையே" என்றாள். எனக்கு விடை எழவில்லை. ஏடிஸ் கொசு பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே திரியும். அந்த வீடு எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. எங்கள் தொட்டித்தட்டில் பிறந்த கொசுக்கள், வலை இல்லாத நாட்களில், எங்கே பறந்து சென்றன என்று யார் அறிவார்?

மறுநாள் காலை நானும் பேத்தியும் அவ்வீட்டுக்குச் சென்றோம். எங்களிடம் இருந்த துணிக் கொசுவலையைக் கொடுத்து, பையன் பகலிலும் அதற்குள்ளேயே படுத்திருக்க வேண்டும் என்று சொன்னோம். அவனை மருத்துவமனையில் காட்டி இரத்தமும் சோதித்தார்கள். அவனுக்கு வந்ததும் டெங்குவே. ஒரு வாரத்தில் குணமடைந்தான். அன்று தொடங்கி ஞாயிறுதோறும் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீடுவீடாகச் சென்று தொட்டித்தட்டு, பழைய டயர், தேங்காய் ஓடு, மூடாத தொட்டி ஆகியவற்றிலுள்ள நீரைக் கொட்டிவிட்டு வருகின்றனர். கொட்டினால் மட்டும் போதாது; ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் போகத் தேங்காய்நார் கொண்டு தேய்க்க வேண்டும் என்பது என் பேத்தியின் கட்டளை.

நண்பர்களே, உங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்கும் வலை அடியுங்கள். கண்ணின் அளவைக் கணக்கிடுங்கள். கம்பியைத் தேர்ந்து வாங்குங்கள். கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி அமையுங்கள். ஆனால் தச்சர் கடைசி ஆணியை அடிக்குமுன், உள்ளே ஒரு முறை குனிந்து பாருங்கள். பிறகு தெருவில் இறங்கி, வலை இல்லாத வீடுகளின் பக்கமும் ஒரு நடை சென்று வாருங்கள். எங்கள் தாழ்வாரத்தில் இப்போது பூந்தொட்டிகள் இருக்கின்றன; தட்டுகள் இல்லை. தரை சற்று நனைகிறது. என் மனைவி அதைத் துடைத்துவிடுகிறாள்.