மட்கார்டைத் தின்னும் சேறு

பழைய அம்பாசடர் காரின் முன் மட்கார்டில் பெயிண்ட் கொப்புளம்போல் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலால் அழுத்தினால் தகடே பொடியாக உதிரும். வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டை! இது எப்படி நேர்கிறது?

மழைக்காலத்தில் தாமிரபரணிக் கரையின் வயற்சாலைகளில் ஓடும்போது, சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிக்கொள்கிறது. அந்தச் சேற்றுக்கு அடியிலுள்ள இரும்புக்கு ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கிறது. ஓரத்திலுள்ள இரும்புக்கு அதிகமாகக் கிடைக்கிறது. இடையில் உப்புக் கரைந்த ஈரம். ஒரு சிறு மின்கலம் தயார்! வேடிக்கை என்னவென்றால், ஆக்சிஜன் குறைந்த இடம்தான் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. ஆகவேதான் ஓட்டை உள்ளிருந்து விழுகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கொள்ளும். அதனால் பெயிண்ட் உப்புகிறது.

இதன்மேல் பட்டி வைத்துப் பெயிண்ட் அடிக்கலாமா? கூடாது. துரு நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புரையோடிய புண்ணுக்குமேல் கட்டுப் போட்ட கதைதான்.

நல்ல தகடு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். உட்புறமும் ரெட் ஆக்சைடு பூசவேண்டும். போல்ட் துளைகளைச் சுற்றியும் இற்றுப்போயிருந்தால் மட்கார்டையே மாற்றுவது நல்லது. ஆனால், அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. இருப்பதைக் காப்பதே லாபம். மழையில் ஓட்டிவந்ததும் மட்கார்டின் உட்புறத்தில் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். சேறு போனால் அந்த மின்கலமும் போயிற்று அல்லவா?